பூந்திக்கொட்டை மேல் நான் போட்ட பழி

சுகாதாரத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆள் பாருங்கள். எனக்கு வருவது கோபம்தான்.

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். மேஜை மேல் ஓர் அறிக்கை கிடந்தது. ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் படுத்துக் கிடக்கிறது. ‘காரணம்’ என்ற இடத்தில், ‘அப்பகுதி மக்களின் சுத்தக்குறைவு’ என்று எழுதி உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரு முனையில் நின்றுகொண்டு எழுதிய எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படி எழுதியவன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பழி தானாக நடந்து போகாது. அதை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் இறக்க ஒரு சுமைகாரன் வேண்டும். அந்தச் சுமைகாரன் நம்மைப் போலக் காகிதமும் பேனாவும் வைத்திருப்பவன்தான்.

கதை இதுதான். சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். கொசு மருந்து அடிக்கும் படையில் நான் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் பெரிய படிப்பு என்று நினைக்காதீர்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன். மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் பழகியவன். அதிலும் எவ்வளவு பொடிக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற வரிகளோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று பார்க்கவில்லை. அந்த மருந்தின் மேல் எனக்குப் பக்தி. என் தங்கை குளிர்காய்ச்சலில் போனவள். எட்டு வயது. மருந்துப் பம்பைத் தோளில் மாட்டும்போதெல்லாம் வேல் எடுத்த மாதிரி இருக்கும் எனக்கு.

திருவாடானைப் பக்கம் ஓர் ஊர். பேர் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே கண்மாய். குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி தனியாக உண்டு. கண்மாய்க் கரையில் துணி வெளுக்கும் துறை. துறைக்கு மேலே ஒரு பூவந்தி மரம். அதன் காயைத்தான் பூந்திக்கொட்டை என்கிறோம். தோலை ஊறவைத்துக் கசக்கினால் பொங்கிப் பொங்கி நுரைக்கும். முரட்டுத் துணிக்கு உவர்மண்ணும் வெள்ளாவியும் போதும். பட்டுக்கும் சரிகைக்கும் அது ஆகாது, சாயம் போய்விடும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டைதான். ஊர்க் கல்யாணப் பட்டெல்லாம் அந்த மரத்தை நம்பித்தான் இருந்தது. துறையும் மரமும் முனியாண்டி, இருளாயி என்ற வெளுக்கிற தம்பதியின் பிழைப்பு.

பங்குனி மாதம். காய் பழுத்து மஞ்சளாய் உதிர்ந்து கிடந்தது. கண்மாயில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. வீடு வீடாக மருந்தடித்து முடித்தோம். ஊர் ஆள் ஒருவர் வழிகாட்டிக்கொண்டே வந்தார். தெருக்கோடி வீட்டில், “அம்புட்டுத்தேன், ஊரு முடிஞ்சிருச்சு” என்றார். நானும் ‘ஊர் முடிந்தது’ என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்து பம்பையும் வாளியையும் கழுவ வேண்டும். மிச்சம் இருக்கும் கரைசலைக் கொட்ட வேண்டும். “கெணத்துப் பக்கம் வந்துராதீக” என்று எல்லாத் தெருவிலும் சொல்லிவிட்டார்கள். ஊருணிப் பக்கம் போகவே கூடாது. எங்கே கழுவுவது? சுற்றும் முற்றும் பார்த்து நான் கை காட்டிய இடம், அந்தத் துறை. ஏன் அங்கே கை நீண்டது? அங்கே தடுத்துப் பேச ஆள் இல்லை என்று கைக்குத் தெரிந்திருந்தது. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை தம்பிகளே. அப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வருகிற கெட்டிக்காரத்தனம் நமக்கு உண்டு.

தடுத்துப் பேச ஆள் இருந்தது. இருளாயி.

“இங்கன கழுவாதீகய்யா. நாளைக்குத் துணி முக்கணும்.”

“இது கொசுவுக்குத்தான் விஷம் ஆத்தா. துணிக்கும் மனுசனுக்கும் ஒண்ணும் பண்ணாது” என்றேன்.

“மீனுக்கு?”

“மீனையா கொசு கடிக்குது?”

என் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. வாளி வாளியாகக் கழுவி ஊற்றினோம். தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்தது. கையிலெல்லாம் மருந்து வாடை. அவள் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துறையை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குள் போய், ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தோலை இரண்டு கை நிறைய அள்ளி வந்தாள்.

“இந்தக் கையோட சோத்த அள்ளிறாதீக. தேச்சுக் கழுவுங்க.”

தேய்த்தோம். ஆறு பேர் கை. நுரை துறையோரம் கோரைப்புல்லில் போய் ஒட்டிக்கொண்டது. தோலை அங்கேயே வீசிவிட்டுச் சாவடிக்குச் சாப்பிடப் போனோம்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கரையில் நின்றது. கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அந்தச் சீமையில் அழிகண்மாய் என்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ஊர்த் தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் கூடையும் வலையுமாக ஊர் மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கும். பிடித்தவர் மீன் பிடித்தவருக்கு. அதுவரை ஒரு குஞ்சு மீனைக்கூட யாரும் தொடக்கூடாது. தொட்டவன் ஊர்க்களவாணி. அந்த வருஷ அழிகண்மாய்க்கு இன்னும் பத்தே நாள்.

ஊர்த் தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அம்பலம் துறையில் கிடந்த தோலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். புல்லில் நுரை இருந்தது. பூந்திக்கொட்டையை இடித்துப் போட்டால் மீன் மயங்கி மிதக்கும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஏலே முனியாண்டி, ஊருக்கு முந்தி உனக்குப் பசியெடுத்துருச்சோ?”

“அய்யா, சத்தியமா இல்லை. எங்க வீட்டுல ஒரு செதிலு இருந்தா எடுத்துக் காட்டுங்க.”

“செதிலோட சேத்து மீன வித்துருப்பே” என்று எவனோ கத்தினான். சிரிப்பு.

இருளாயி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். அந்தத் தோல் எங்கள் கையில் இருந்து விழுந்தது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும்.

அம்பலம் என் பக்கம் திரும்பினார். “நான் சொன்னா ஒருதலைம்பாக. நீங்க அரசாங்கத்து ஆளு. கண்ணால பாத்தத மட்டும் எழுதிக் குடுங்க.”

எழுதினேன். ‘துறையில் பூந்திக்கொட்டைத் தோலும் நுரையும் கண்டேன்.’ கையெழுத்து.

பாருங்கள், அதில் ஒரு சொல் பொய்யில்லை. தோலைக் கண்டேன். நுரையைக் கண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய வித்தை. நான் மறைக்கவில்லை, பூசணிக்காயை இலையிலேயே வைத்துவிட்டு, யார் வைத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். உண்மையை மட்டுமே எழுதிப் பொய் சொல்வது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். அன்றைக்கு நான் அதில் பட்டம் வாங்கினேன்.

சாயங்காலம் சாவடியில் அந்தக் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார்கள். தண்டோராவும் போட்டார்கள். முனியாண்டிக்கு இனி துறை கிடையாது. காலையில் மரத்தை வெட்டுவது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அந்த ஊரில் என் சொல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மீன் செத்த சேதியைச் சீட்டெழுதி இராமநாதபுரத்தில் இருந்த எங்கள் அதிகாரிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டுப் படுத்தேன். தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். செத்த மீன் நாற ஆரம்பித்திருந்தது. கடற்கரையிலிருந்து கருவாடு விற்க வரும் அந்தோணியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சேசுவே, இந்த நாத்தத்துல எங் கருவாட்ட எவ மோந்து பாத்து வாங்குவா? என்னய்யா நடந்துச்சு?”

“பூந்திக்கொட்டையைப் போட்டுட்டாங்க” என்றேன். ‘ட்டாங்க’ என்றேன், பாருங்கள்.

அவள் குனிந்து சேற்றோரத்தில் எதையோ பொறுக்கினாள். உள்ளங்கையில் சிவந்து செத்த நாலு இறால். கண்மாய் இறால், விரல் கனம்.

“இது எப்புடிச் செத்துச்சு?”

“அதுவும் அந்த நுரையிலதான்.”

“போய்யா. எந்த ஊரு ஆளு நீ? எங்க கரையில தண்ணி வத்துன பள்ளத்துல எங்க ஆளுக பூந்திக்கொட்டைய இடிச்சுப் போடுவாக. மீனு மல்லாந்துரும். இறாலு துள்ளிக்கிட்டுத் திரியும், அதக் கையாலதான் அரிச்செடுக்கணும். நுரைக்கு இறாலு சாவாது. இது வேற என்னமோ.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பள்ளத்துல போடுறது குத்தந்தான். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். நீ போயி எழுதிராத.”

குனிந்து பார்த்தேன். முந்தின நாள் நான் குனியவே இல்லை. கரை நெடுக இறால். தண்ணீர்ப் பூச்சிகள் தவிட்டைத் தூவினாற்போல் செத்துக் கிடந்தன. பூச்சி. பூச்சியைக் கொல்லத்தானே நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன்? செத்த இறாலில் நாலைக் கையில் அள்ளிக்கொண்டேன்.

கோடரிச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

மரத்தைச் சுற்றி இருபது பேர். பாதி வெட்டியிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஜீப் வந்து என்னை மறித்தது. எங்கள் பெரிய அதிகாரி. படித்தவர், கெட்டிக்காரர், பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு. மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்தார்.

“உனக்கு மூளை இருக்கா? மருந்து மீனைக் கொன்னுதுன்னு ஒரு வார்த்தை வெளியே போச்சு, நாளைக்கு இந்த ஜில்லாவுல எவன் கதவைத் திறப்பான்? கதவைத் திறக்கலேன்னா காய்ச்சல்ல சாகப்போறது யார்? சின்னப் பிள்ளைங்க. ஒரு மரத்துக்காக அதுகளைக் கொல்லப் போறியா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அதில்தான். வெறும் பொய் என்றால் உதறிவிட்டுப் போயிருப்பேன். பொய்க்குக் காவலாக ஒரு நியாயத்தை நிறுத்தினார். என் தங்கை முகம் கண்ணில் வந்தது. நின்றேன். எவ்வளவு நேரம்? ஒரு வெற்றிலை போடும் நேரம் இருக்கும்.

அந்த நேரத்தில் மரம் விழுந்தது.

மஞ்சள் காய்கள் கரை முழுக்கச் சிதறி உருண்டன. இருளாயி அழவில்லை. ஒரு காயைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டியவனிடம் சாதாரணமாகப் பேசுவது போலச் சொன்னாள்: “நான் வாக்கப்பட்டு வந்த வருசம் நட்டது. மொதக் காயி காய்க்கிறதுக்குள்ள எம்மக பெரியமனுசி ஆயிட்டா.”

என் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போனேன். சொன்னேன். மருந்து எங்களுடையது. கழுவி ஊற்றியது நாங்கள். இந்த அம்மா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. தோலும் நுரையும்கூட எங்கள் கையில் இருந்துதான் விழுந்தன. செத்த இறாலைக் காட்டினேன். ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அடுத்த வாரமே என்னைச் சாயல்குடிப் பக்கம் தூக்கி அடித்தார்கள். அது பெரிய விஷயமில்லை, விடுங்கள்.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? என்னை நாலு பேர் ஏசினார்கள், சரி. ஆனால் முனியாண்டியிடம் ஒருவர், ஒரே ஒருவர், ‘தப்பாச் சொல்லிட்டோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரிலே, தொறை உன்னதுதான். போய்ச் சோலியப் பாரு. வெள்ளிக்கெழம வந்து பட்ட எடுத்துக்கிட்டுப் போ. எம்மகளுக்குப் பரிசம் போட வாராக.”

முனியாண்டி தலையை ஆட்டப் போனான். இருளாயி முந்திக்கொண்டாள்.

“எதுல வெளுக்க? மரத்தத்தான் சாச்சுட்டீகளே. இன்ஸ்பெட்டரய்யா மருந்துல முக்கித் தரவா?”

யாரோ சிரித்து, அம்பலத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“முந்தாநாளு கையக் கழுவத் தோலு குடுத்தேன். நேத்து அதையே எழுதிக் குடுத்தீக. ஊரு பூராம் தண்டோரா போட்டுக் கேட்டாக. இன்னைக்கு நீங்க சொன்னது இந்த இருவது பேருக்குத்தேன் கேட்டுருக்கு. மத்த வீட்டுல நாங்க இன்னும் மீன்களவாணிதேன்.”

“என்ன செய்யணும் ஆத்தா?”

“வீடு வீடா மருந்தடிச்சீகள்ல? வீடு வீடாச் சொல்லுங்க.”

போனேன். மருந்தடித்த வீடுகளில் நிலைக்குப் பக்கத்தில் காவிக்கட்டியால் தேதி எழுதியிருப்போம். அந்தத் தேதியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். “கண்மாய் மீன் செத்தது எங்க மருந்தால. முனியாண்டி குடும்பத்து மேல குத்தமில்லை. நான் எழுதினது தப்பு.” ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெரியவர், “இதச் சொல்லவா வெயில்ல வந்தே? போன மீனு வருமா?” என்றார். ஓர் அம்மா மாட்டுத் தொட்டித் தண்ணீரைக் காலடியில் வீசி ஊற்றினாள். இன்னொருத்தி கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எங்க வீட்டுல மூட்டப்பூச்சி அம்புட்டும் செத்துருச்சு. நல்ல மருந்துதேன். அடுத்த தடவையும் வாங்க. கண்மாயில மட்டும் ஊத்திறாதீக.”

கேட்டீர்களா? அதிகாரி பயந்த ஜனம் இதுதான். மருந்து வீட்டுக்கு நல்லது, கண்மாய்க்கு ஆகாது என்று இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் ஜனங்களின் தலை சின்னது என்று நினைப்பு. உண்மையைச் சொன்னால் பயப்படுவார்கள் என்று யாராவது சொன்னால், பயப்படுவது யார் என்று அவர் முகத்தைப் பாருங்கள்.

எல்லா வீடும் முடித்துவிட்டுக் கடைசியாகத் துறைப் பக்கம் இருளாயி வீட்டுக்குப் போனேன். குனிந்து நுழைகிற கூரை வீடு. பழக்கத்தில் என் கண் நிலைப் பக்கம் தேதியைத் தேடியது.

“என்னத்தத் தேடுறீக?”

“மருந்தடிச்ச தேதி...”

“எங்க வீட்டுக்கு எவன் வந்தான்?” அவள் குரல் உயரவே இல்லை. “மருந்து ஊருக்கு. கழுவுன தண்ணி எங்களுக்கு.”

‘ஊர் முடிந்தது’ என்று எழுதியிருந்தேனே, அந்த ஊர் தெருக்கோடியில் முடிந்திருந்தது. தண்ணீரோரம், கொசு முதலில் வருகிற இடத்தில் இருந்த வீட்டை மருந்தடிக்கும்போது நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கழுவ இடம் தேடியபோது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பம்பை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஆட்களைக் கூப்பிடவில்லை. இருளாயி பானைகளையும் ஊர்த் துணி மூட்டைகளையும் வெளியே எடுத்துவைத்தாள். சுவரெல்லாம் அடித்தேன். கூரையின் உட்புறம் அடித்தேன். வியர்த்து வெளியே வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் மண்வெட்டி.

“இத எங்கன கழுவப் போறீக?”

கண்மாய்க்கு எதிர்ப்பக்கம், மேட்டில், கருவேல மரங்களுக்கு நடுவே ஓரிடத்தைக் காட்டினேன். அவள் முன்னால் போய்த் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, இன்னும் பத்தடி தள்ளி நின்றாள். அங்கே தோண்டினேன். கெட்டித் தரை. முழங்கால் ஆழம் வந்ததும் நிமிர்ந்து, போதுமா என்பது போல் அவளைப் பார்த்தேன்.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் தோண்டுங்க” என்றாள்.